கனியிற் கழிப்பன

பண்டைக் கொற்கைத் துறையிலும் அதன்பின் தூத்துக்குடித் துறையிலும் முத்துக் குளித்த முறையைக் கேட்டறியாதார் நம்முள் மிகச் சிலரே. குளியாட்கள் பார்களில் மூழ்கி அள்ளிக் கொணர்ந்த சிப்பிகளைக் கரையிற் குவித்து வைப்பர். அவை வெயிலிலும் ஈயிலும் பல நாள் கிடந்து தசை அழுகிய பின்னரே, அவற்றைக் கழுவி உள்ளிருக்கும் முத்தைத் தேடுவர். தூத்துக்குடியில் 1955ஆம் ஆண்டு தொடங்கி 1961ஆம் ஆண்டு வரை நடைபெற்ற சலாபங்களே இறுதியாக நிகழ்ந்த பெருங்குளிப்புகள். அத்தொழிலில் சிப்பியின் உடல் முழுதும் கழிபொருள். அதனுள் உறைந்த சிறு மணி ஒன்றே கொள்பொருள்.

நாம் பழம் உண்ணும் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. புறத்தோலை உரித்தெறிகின்றோம், உள்ளுறையும் விதையை உமிழ்கின்றோம், இடைப்பட்ட தசையை மட்டும் கொள்கின்றோம். ஓரிடத்தில் தசை குப்பையாகின்றது. மற்றோரிடத்தில் விதை குப்பையாகின்றது. வட ஆஸ்திரேலியக் கரையிலோ, முத்துச் சிப்பியின் மற்றோர் இனத்துத் தசை மிக்க விலைக்கு விற்கும் உணவாக விளங்குகின்றது. ஆகவே, குப்பை என்னும் பெயர் பொருளின் இயல்பால் வருவது சிறிது. கொள்வோர் கருத்தால் வருவதே பெரிது. இக்கருத்தை உளங்கொண்டு, நாம் நாள்தோறும் உண்ணும் கனிகளிற் கழிப்பனவற்றுள் உணவாவன எவை, உணவாகாதன எவை என்பதனை நம் கடற்கரைச் சீமையின் வழக்கங்களைத் துணைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், கனி என்பது யாது? மரம் தன் இனத்தைப் பரப்புதற்கு அமைத்துக்கொண்ட கருவியே கனி. அதன் தசை, பறவையையும் விலங்கினையும் அழைத்தற்கு மரம் தரும் கூலி போன்றது. விதையோ, முளைக்கும் இளஞ்செடி தன் காலில் தான் நிற்கும் வரை உண்ணுதற்குத் தாய்மரம் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. மாவும் கொழுப்பும் புரதமும் அதனுள் செறிந்திருத்தல் இயல்பே. தோல், இவ்விரண்டையும் பூச்சியினின்றும் பூஞ்சையினின்றும் காக்கும் அரண். ஆதலின் துவர்ப்பும் கைப்பும் மணநெய்யும் நாரும் அதன்கண் மிகுதியாக உண்டு. இவ்வாறு நோக்குங்கால், நாம் விரும்பி உண்ணும் தசை கூலியாகவும், நாம் எறியும் விதை சோறாகவும் இருத்தல் விளங்கும். எனினும் காவலுக்கென அமைந்த பகுதிகளில் நஞ்சும் இருத்தல் கூடும். ஆதலின் எல்லாவற்றையும் உண்க என்றலும் பிழை. எல்லாவற்றையும் எறிக என்றலும் பிழை.

இனித் தோலை எடுத்துக்கொள்வாம். பொருநையாறு கடலொடு கலக்குமுன் பாயும் திருவைகுண்டம், ஏரல், ஆத்தூர்ப் பகுதிகள் வாழைத்தோட்டங்கள் நிறைந்தவை. வாழையைப் பொறுத்தவரை நம் நாட்டார் சிக்கனத்தில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். குலையை வெட்டியபின் பூவைத் துவட்டுவர், தண்டைக் கூட்டாக்குவர், இலையில் உண்பர், பட்டையை நாராக்கிப் பூத்தொடுப்பர். ஆயினும் காயின் தோலைச் சீவிக் குப்பையில் இடும் இல்லங்களே இக்காலத்திற் பல. அத்தோலைப் பொடியாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்துத் தேங்காய்த் துருவலுடன் தாளித்தாற் பொரியல். வதக்கி, மிளகாயும் புளியும் உளுந்தும் கூட்டி அரைத்தால் துவையல். நாரும் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்தும் அதன்கண் நிறைய உண்டு. பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்கும் தாய்மார்க்கு இம்முறை புதுமையன்று.

நார்த்தங்காய், எலுமிச்சை ஆகியவற்றின் தோலை நாம் உப்பில் ஊறவைத்து ஆண்டுக்கணக்காகப் பேணுகின்றோம். அதே குடும்பத்ததாகிய ஆரஞ்சின் தோலையோ உரித்த மாத்திரத்தே எறிகின்றோம். அத்தோலின் உட்புறத்து வெண்மைப் பகுதியிற் பெக்டின் என்னும் பசைப்பொருள் உண்டு. மேலைநாட்டார் தோலோடு காய்ச்சும் இனிப்புக் குழம்பு கட்டிப்படுவது இதனாலேயே. நம்மவரோ அதனை வதக்கிப் புளிக்குழம்பாகவும் பச்சடியாகவும் ஆக்குவர். தர்பூசணியின் பச்சைத் தோலுக்கும் செந்தசைக்கும் இடைப்பட்ட வெண்பகுதி மற்றொன்று. வெள்ளரியும் பூசணியும் இதற்கு நெருங்கிய உறவினர் ஆதலின், பூசணிக்காயைச் சமைப்பது போலவே பாசிப்பருப்பிட்டுக் கூட்டாக்கலாம். கோடையில் நம் நகர வீதிகளின் ஓரத்தே மலைபோற் குவியும் இவ்வெண்பகுதி, ஆடுமாடுகளின் வாய்க்கு எட்டாதபோது ஈ மொய்க்கும் குப்பையாகவே அழிகின்றது.

இனி விதைக்கு வருவாம். பலாக்கொட்டையை அறியாதார் இலர். அதனைச் சுட்டும் அவித்தும் குழம்பிலிட்டும் உண்பர். பச்சையாக உண்டாற் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று அதன்கண் உண்டு. வெந்தால் அது கெடும். வெள்ளரி, பூசணி ஆகியவற்றின் விதைகளைக் கழுவி உலர்த்தி உடைத்தால், உள்ளிருக்கும் பருப்பு கொழுப்பும் புரதமும் செறிந்தது. புளியங்கொட்டையை வறுத்து, துவர்ப்புடைய செந்தோலை இடித்து நீக்கி, உள்ளிருக்கும் வெண்பருப்பை ஊறவைத்தோ அவித்தோ உண்ட காலம் நம் பாட்டிமார் நினைவில் உண்டு. அப்பருப்பின் மாவு நெசவாலைகளில் நூலுக்குக் கஞ்சியிடப் பயன்படுகின்றது. வீட்டிற் குப்பையாகக் கிடப்பது, ஆலைக்குச் சென்றவுடன் சரக்காக மாறுகின்றது!

மாங்கொட்டையின் கதை இதனினும் வியப்புடையது. அதன் உள்ளிருக்கும் பருப்பில் மாவுப்பொருளும், நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவிற்குக் கொழுப்பும் உண்டு. அக்கொழுப்பு உருகும் தன்மையிற் கொக்கோக் கொழுப்பை ஒத்தது. ஆதலின், ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டில் இயற்றிய விதி, சாக்கலேட்டில் நூற்றுக்கு 5 பங்கு வரை சேர்த்தற்கு இசைவளித்த ஆறு தாவரக் கொழுப்புகளுள் மாங்கொட்டைக் கொழுப்பையும் ஒன்றாக வைத்தது. நாம் தெருவில் எறியும் கொட்டையின் உள்ளீடு, மேலை நாட்டிற் பொன்னிறத் தாளிற் பொதிந்து விற்கப்படும் பண்டத்திற் கலத்தல் கூடும் என்க.

நிற்க. இவற்றினும் சிறந்த சான்று நம் கண்முன்னரே நிற்கின்றது. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த செம்மணல் தேரிகளில் வானளாவி நிற்கும் பனையைக் கூறுகின்றேன். 1850ஆம் ஆண்டிற் கொழும்பு நகரில் பெர்குசன் என்பார் பனையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 எனத் தொகுத்துப் பாடிய தால விலாசம் என்னும் தமிழ் நூலை அதில் அவர் எடுத்துக்காட்டியுள்ளார். அத்தனை பயனும் ஈண்டு வேண்டா. பனங்காய் ஒன்றை மட்டும் கருதுவாம்.

இளங்காயை வெட்டி நுங்கு உண்ணும்போது, அதன்மேல் ஒட்டிய மெல்லிய பழுப்புத் தோலைப் பலர் உரித்தெறிவர். துவர்ப்புடையதாயினும் அதுவும் உணவே. நாட்டுப்புறத்தார் அதனோடு சேர்த்தே விழுங்குவர். எஞ்சிய கூந்தலை ஆடுமாடுகள் தின்னும். சிறுவர் அதனைக் கோலிற் கோத்து வண்டியோட்டுவர். நுங்காக வெட்டாது விட்ட காய், ஆவணி புரட்டாசியிற் கனிந்து தானே விழும். அப்பழத்தைத் தணலிற் சுட்டோ, கருப்பட்டி இட்டு அவித்தோ, நாரிற் படிந்த செம்மஞ்சட் சதையை உறிஞ்சி உண்பர். யாழ்ப்பாணத்தார் அச்சதையைப் பிழிந்து பாயில் ஊற்றி உலர்த்திப் பனாட்டு என்று பேணுவர்.

சதை தீர்ந்தபின் எஞ்சுவன பெரும்பாலும் மூன்று கொட்டைகள். கல்லினும் கடியனவாகிய இவற்றை உண்ணும் உபாயம் யாது? நம் முன்னோர் பல்லால் ஆகாததை மண்ணால் ஆக்கினர். இளகிய மணலிற் பாத்தி கட்டிக் கொட்டைகளை நெருங்க அடுக்கி மண்ணால் மூடுவர். வடகிழக்குப் பருவமழை பெய்தவுடன் ஒவ்வொரு கொட்டையினின்றும் குழல்போன்ற ஒரு முளை கீழ்நோக்கிச் செல்லும். அதன் முனையில், பிற்காலத்திற் பனையாக வேண்டிய குருத்து தன் உணவைச் சேமித்துப் பருக்கும். அதுவே பனங்கிழங்கு. பெயர் கிழங்காயினும் உண்மையில் அது மண்ணுக்குள் வளரும் இளஞ்செடி. மார்கழி, தை மாதங்களில் இதனைத் தோண்டி எடுப்பர். நம் பக்கத்துப் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சட்கொத்தும் போலப் பனங்கிழங்கும் இன்றியமையாதது. மஞ்சளும் உப்பும் இட்டு நன்கு அவித்து, தோலுரித்து, நடுவிலுள்ள குருத்தை நீக்கி, நாரைக் கிழித்து உண்பர். பச்சைக் கிழங்கின் மாவை எலிகளுக்கு ஊட்டி ஆய்ந்தோர் அதன்கண் தீங்குபயக்கும் பொருள் உண்டெனக் கண்டிருக்கின்றனர். ஆகவே வேகவைத்து உண்ணும் மரபு அறிவொடு பட்டதே.

கிழங்கை ஒடித்தபின் முளைத்த கொட்டை எஞ்சுகின்றது. அதனை அரிவாளாற் பிளந்தால் உள்ளே வெண்மையாய்ப் பஞ்சுபோல் மெத்தென்று இனிக்கும் தவுன் கிடைக்கும். இது யாதெனின், விதைக்குள் இறுகிக் கிடந்த பருப்பைக் கரைத்து உறிஞ்சி முளைக்கு அனுப்புதற்கு விதை அமைத்துக்கொண்ட உறுப்பு. முற்றிய தேங்காய் முளைக்கும்போது உள்ளே காணும் தேங்காய்ப்பூவும் இவ்வகையதே. காலம் முந்திப் பிளந்தால் தவுன் சிறுத்திருக்கும், பிந்தினால் வற்றிப்போம். இடைப்பட்ட பதத்தை அறிந்தவரே அறிவர். தவுனை எடுத்த ஓடும் வீணாவதில்லை. உலர்ந்தால் அடுப்பெரிக்க உதவும். ஆகவே ஒரு பனம்பழத்தின் கழிபொருளினின்று கிழங்கு, தவுன், விறகு என மூன்று பயன்கள் தோன்றின. இவ்வறிவு நூலில் எழுதப்படுவதற்கு முன்னரே மக்களின் கையில் இருந்தது. மழை அருகிய தேரியில், நெல் விளையாத மணலில், எதனையும் எறிதற்கு இயலாதிருந்த மக்கள் ஆண்டுதோறும் செய்து பார்த்துத் திரட்டிய அறிவு அது.

பனைக்கு நேரெதிரானது முந்திரி. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துகீசியர் பிரேசில் நாட்டினின்று இந்நாட்டிற்குக் கொணர்ந்த மரம் இது. தூத்துக்குடியின் மக்ரூன் என்னும் பண்டம், முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரிப்பருப்பும் சேர்ந்து அமைவது. ஐவரி கோஸ்ட், தான்சானியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளினின்று உடைக்காத முந்திரிக்கொட்டைகள் நம் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக வந்திறங்குகின்றன. ஆனால் அக்கொட்டையைத் தன் அடியில் ஏந்தித் தொங்கிய பழம் எங்கே? பறித்த ஓரிரு நாளில் அழுகுவது ஆதலின், பெரும்பாலும் மரத்தடியிலேயே விடப்பட்டது. கொட்டையைக் காட்டிலும் பன்மடங்கு எடையுள்ள அப்பழத்தில் வைட்டமின் சி ஆரஞ்சிலுள்ளதினும் மிகுதி. தொண்டையைப் பிடிக்கும் அதன் துவர்ப்பை, ஆவியில் வேகவைத்தோ உப்புநீரில் இட்டோ கஞ்சித் தெளிவைச் சாற்றிற் கலந்தோ குறைக்கலாம். கோவாவில் அதன் சாற்றைப் புளிக்கவைத்துச் சாராயமாக வடிக்கின்றனர். பிரேசிலில் அதனைப் பருகும் சாறாகவே விற்கின்றனர். இங்கு விதை முத்தாயிற்று. கனி சிப்பித்தசை ஆயிற்று.

இனி எச்சரிக்கை கூறுவாம். இஃது இன்றேல் இக்கட்டுரை நன்மையினும் தீமையே மிகச் செய்யும். சீத்தாப்பழத்தின் விதை நஞ்சுடையது. பேனைக் கொல்ல அதன் பொடியைத் தலையில் இடுவோர் கண்ணில் அது பட்டுக் கருவிழி புண்ணாதல் உண்டு. ஆப்பிள், பீச்சு முதலியவற்றின் விதைகளை மென்றால் சயனைடு என்னும் கொடிய நஞ்சு தோன்றும். தவறி ஒன்றிரண்டை விழுங்குதலால் தீங்கில்லையாயினும் அவற்றை உணவாகக் கொள்ளலாகாது. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். மாம்பழத்தின் தோலும் பாலும் சிலர்க்கு அரிப்பைத் தரும். கடையில் வாங்கும் கனிகளின் தோலிற் பூச்சிமருந்து படிந்திருத்தல் கூடுமாதலின் நன்கு கழுவியே ஆளவேண்டும்.

இவை அனைத்தினும் உள்ளத்தை வருத்தும் செய்தி ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டில் ஒரிசா மாநிலத்து இராயகடா மாவட்டம் காசிப்பூர்ப் பகுதியில் மலைவாழ் மக்கள் பலர் மாங்கொட்டைக் கஞ்சி உண்டு மாண்டனர். மழைக்காலத்திற் பூஞ்சை படிந்த பருப்பே சாவுக்குக் காரணம் என்றனர் ஆள்வோர். வேறு உணவு வாங்க வழியின்றி அதனை உண்ணச் செய்த பசியே காரணம் என்றனர் பிறர். சாக்கலேட்டிற் கலந்து செல்வர் நாவில் உருகும் அதே பருப்பு, ஏழையின் கலத்திற் கூற்றாயிற்று. மாங்கொட்டை இரண்டிடத்தும் ஒன்றே. ஓரிடத்தில் அதனைத் துப்புரவு செய்து உலர்த்திப் பேணுதற்குப் பொருளும் கருவியும் இருந்தன. மற்றோரிடத்தில் அவை இல்லை. ஆகவே கழிபொருளை உண்க என்று ஏழைக்கு அறிவுரை கூறுதல் நம் வேலையன்று. பசித்தவனுக்குச் சோறு வேண்டும். உமியையும் தோலையும் காட்டி அவனை அனுப்புதல் அறமாகாது. எறிதற்கு மிகுதியாக உடைய நமக்கே இவ்வாராய்ச்சி உரியது.

உலகில் 2022ஆம் ஆண்டில் வீடுகளிலும் உணவுச்சாலைகளிலும் கடைகளிலும் வீணாகிய உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணித்துள்ளது. அதில் நூற்றுக்கு 60 பங்கு வீடுகளிலேயே வீணாகியது. தோல், எலும்பு, கொட்டை முதலிய உண்ணாப் பகுதிகளும் இக்கணக்கில் அடங்கும். ஏன் அவற்றையும் சேர்த்தனர்? உண்ணும் பகுதி எது, உண்ணாப் பகுதி எது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுதலான் என்க. பனங்கொட்டையை அயல்நாட்டான் ஒருவன் கண்டால் உண்ணாப் பகுதி என்றே எழுதிக்கொள்வான். நம் ஊர்க் கிழவி ஒருத்தி அதனைத் தைப்பொங்கலாக எண்ணுவாள். இருவரும் கண்ட பொருள் ஒன்றே, வேறுபட்டது அறிவு.

அவ்வறிவு இக்காலத்தில் நம்மிடையே மெல்ல மெல்ல மறைந்து வருகின்றது. விரைவு ஒரு காரணம். நாணம் மற்றொரு காரணம். புளியங்கொட்டையும் தோற்றுவையலும் வறியோர் உணவென்று கருதி, நகரத்திற் பயிலும் நாம் அவற்றின் பெயரையும் நண்பர்முன் சொல்லக் கூசுகின்றோம். அதே பொருளை அயல்நாட்டு வணிகன் அழகிய புட்டியில் அடைத்து, நாரும் சத்தும் மிக்கது என்று எழுதி ஒட்டினால் விலைகொடுத்து வாங்குகின்றோம். இஃது அறிவுடைமை ஆகுமா? நாணத்தக்கது வறுமையைத் தீர்க்காத சமுதாயமே. வறுமையில் வாழ்ந்தோர் கண்டறிந்த உணவன்று.

மற்றொன்றும் கூறி முடிப்பேன். பனங்கொட்டை உணவாவதோடு விதையாகவும் உள்ளது. கிழங்காக ஒடித்து உண்ட ஒவ்வொன்றும் மரமாகாமற் போன ஒன்றே. பனையோ காய்த்தற்குப் பதினைந்து ஆண்டிற்கு மேல் ஆகும். செங்கற் சூளைக்கும் மனைநிலத்திற்கும் பனைகள் வெட்டுண்ட நிலையில், மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று தமிழ்நாட்டு அரசினர் 2021ஆம் ஆண்டில் அறிவித்தனர். காவல் நன்றே, ஆயினும் நட்டாலன்றிப் பெருகாது. ஆதலின் உண்டபின் எஞ்சும் கொட்டைகளுட் சிலவற்றைப் பாத்தியிற் கிழங்கிற்கும், சிலவற்றைக் கண்மாய்க் கரையிலும் தேரி ஓரத்திலும் மரத்திற்குமாகப் பகுத்திடல் வேண்டும். நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் புரட்டாசி விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் பத்துக் கொட்டைகளை மண்ணில் இடுவாராயின், அஃது ஆயிரம் சொற்பொழிவினும் சிறந்த பணியாகும்.

ஆகவே, நண்பர்காள்! கனியைக் கையில் எடுக்கும்போது, எறியும் பகுதி எத்தகையது என ஒரு கணம் எண்ணுமின். உண்ணத்தக்கதாயின் சமைத்து உண்மின், நஞ்சாயின் விலக்குமின், ஆட்டிற்கும் மண்ணிற்கும் உரியதாயின் அவற்றிற்கு ஈமின், முளைப்பதாயின் நடுமின். இவற்றுள் எதற்கு உரியது என்று அறியாவிடின், வீட்டில் இருக்கும் பாட்டியாரைக் கேட்டறிமின். அவர்களிடம் கேட்டறியும் காலம் நெடிது அன்று.